காகிதப்பூவுக்கு ஊற்றிய தண்ணீர்

1991 கோடையில் ஒருநாள் ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறினேன். முன்சீட்டில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள், மடியில் மண்தொட்டியோடு உட்கார்ந்திருந்தார். தொட்டியில் காகிதப்பூச் செடி இலையே தெரியாமல் பூத்திருந்தது. மண் காய்ந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்துப் பெண் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

"ஊத்தாதம்மா. தண்ணி ஊத்தினதாலதான் என் மருமவ வூட்ட வுட்டே போயிட்டா."

"இன்னா பெரிம்மா சொல்றீங்க?"

"இது காஞ்சாதான் பூக்கும். எங்களுக்கு அது தெரியாது. அவ பாசமா தெனமும் ரெண்டு வேள ஊத்துனா. இலைதான் தழைச்சிது, ஒரு பூ வரல. கல்யாணமாயி மூணு வருஷம், கொழந்த இல்ல. ஒருநாள் கோவத்துல, உன் கை பட்டா எதுவும் பூக்காதுன்னுட்டேன்."

"செடியத்தான சொன்னீங்க?"

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிக்கினு இருந்தேன். ஆனா இல்ல."

அந்தப் பெண் பாட்டிலை மூடினாள்.

"அவ அம்மா வூட்டுக்குப் போயிட்டா. தண்ணி ஊத்த ஆளில்லாம செடி ஒரு மாசம் காஞ்சி கெடந்துது. அப்புறம் பாத்தா இப்படி பூத்துக் கீது. நாத்து விக்கிறவரு சொல்லித்தான் விஷயமே புரிஞ்சிது."

"கூட்டிக்கினு வரப் போறீங்களா?"

"வர்றதும் வராததும் அவ இஷ்டம். நான் சொன்னது தப்புன்னு அவ அம்மா எதிர்லயே சொல்லணும்."

பிள்ளைப்பாக்கத்தில் பஸ் நின்றது. அந்தப் பெண் தொட்டியைப் படிவரை தூக்கிவந்து கொடுத்தாள்.

"உள்ள வுடலன்னா இன்னா பண்ணுவீங்க?"

"வாசல்லியே சொல்லிட்டு வரேன்" என்று சொல்லி, தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் நடந்தார்.