நூற்றெழுபது வீடுகளில் ஒரு குடிகாரரும் இல்லை

அவைத் தலைவர் திருவாளர் ஆர்தர் அவர்களே, ஆன்றோர்களே, துறைமுகத்தில் தோள் தேய்ந்து வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸராகிய என்னை நீங்கள் அறிவீர்கள். சென்ற மாதம் சூலியா தெருவைச் சுற்றி நூற்றெழுபது வீடுகளின் கதவைத் தட்டியவன் நான்தான். "வீட்டில் குடிப்பவர் உண்டா? எத்தனை பேர்?" கேள்வி இவ்வளவே. குடியால் நோயுற்றோருக்கு நகரத்திலேயே பத்துக் கட்டில் போடுவதா, வேண்டாமா என்பதை இந்த ஆய்வைப் பார்த்துத்தான் நகரசபை முடிவு செய்யும்.

கண்டறிந்ததைப் பெருமையுடன் அறிவிக்கிறேன். நூற்றெழுபது வீடுகளில் குடிப்பவர் ஒருவர்கூட இல்லை!

கைதட்டாதீர்கள். தாளின் மறுபுறமும் இருக்கிறது. ஏறக்குறைய எல்லா வீட்டாரும் அடுத்த வீட்டில் குடிக்கிறார்கள் என்றார்கள். "எங்க வீட்ல அந்தப் பழக்கமே இல்லைலா, அண்ணே. பக்கத்து வீட்ல கேளுங்க, கதை கதையா வரும்." கேட்டேன். அவர்கள் இந்த வீட்டையே திருப்பிக் காட்டினார்கள். இத்தனை ஒழுக்கமான ஊரில் கள்ளுக்கடைக்காரர் யாரை நம்பிக் கடை திறக்கிறார்? மாலைதோறும் அந்தப் பீப்பாய்களைக் காலி செய்வது யார்? காற்றா? காக்கையா?

சிரித்தது போதும், ஐயா. அர்ஜுனனைப் பற்றிச் சொல்கிறேன்.

தொங்கான் என்னும் சரக்குப் படகில் மூட்டை சுமக்கும் அர்ஜுனன் கால் எலும்பு முறிந்து எங்கள் வார்டில் படுத்தார். முதல் நாள் வலி. இரண்டாம் நாள் நடுக்கம். மூன்றாம் நாள், "சுவரெல்லாம் நண்டு ஏறுது, ஓட்டுங்கடா!" என்று கத்தினார். பல வருடம் குடித்த உடம்புக்குத் திடீரென்று குடி நின்றால் இப்படி ஆகும். புதிதாக வந்த வெள்ளைக்கார டாக்டர் துரை, அர்ஜுனனின் மனைவி ஜெயலெட்சுமியிடம், குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். "சத்தியமா இல்லீங்க, துரை" என்றார் அந்த அம்மா. துரை என் தாளைப் புரட்டினார். அந்த வீட்டுக்கு நேரே என் கையெழுத்தில் "இல்லை". குடியில்லாதவன் நண்டைக் கண்டால் அது பைத்தியம்தானே? அப்படியே எழுதினார்.

வருகிற வெள்ளிக்கிழமை காலைப் படகில் அர்ஜுனனைக் கடல் தாண்டி அக்கரைக்கு ஏற்றுகிறார்கள். அங்கிருந்து ரயில், பைத்தியக்கார ஆஸ்பத்திரி, பூட்டிய கதவு. அங்கே போனவரில் எத்தனை பேரை நீங்கள் மறுபடி பார்த்திருக்கிறீர்கள்?

இதைச் சொல்ல எனக்கு அனுமதி தந்தவர் ஜெயலெட்சுமி. "சொல்லுங்கண்ணே. நான் அங்கதான் உட்கார்ந்திருப்பேன்" என்றார். உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்க வேண்டாம். அவர் சொன்ன பொய்யைத்தான் நாம் எல்லோரும் சொன்னோம்.

நாளைக் காலை பத்து மணிக்குச் சபை கூடுகிறது. என் தாள் இப்படியே போனால், குடிப்பவரே இல்லாத ஊருக்குக் கட்டில் எதற்கு என்பார்கள். நியாயமான கேள்வி! இனி நடுங்குகிறவர் எல்லோருக்கும் படகுதான். அதனால் இப்போதே, இங்கேயே எழுந்து உண்மையைச் சொல்லுங்கள்; தாளைத் திருத்திக்கொள்கிறேன்.

யாரது? ஜபருல்லா அண்ணனா? சத்தமாகச் சொல்லுங்கள்.

"பேரு எழுதுவியா தம்பி? கங்காணி காதுல விழுந்தா வேலை போயிடும்லா!"

பெயர் எழுதமாட்டேன், அண்ணே. வீட்டு எண், ஆள் எண்ணிக்கை, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் எழுந்து சொல்வதை இந்த மண்டபம் பார்க்கும். அதை என்னால் தடுக்க முடியாது.

ஆகவே முதலில் என்னைப் பாருங்கள். என் வீட்டுக்கு நேரே நானே "இல்லை" என்று எழுதினேன். என் அண்ணன் பெர்னார்டுக்குக் காலைதோறும் முகச்சவரம் செய்துவிடுவது நான்தான். அவர் கையில் கத்தி நிற்காது. கேள்வி கேட்டவனே பொய் சொன்னான்! இதோ, அடித்து எழுதுகிறேன்: ஒன்று.

ஜெயலெட்சுமி அம்மா எழுந்து நிற்கிறார். ஒரு விரலைக் காட்டுகிறார். எழுதிவிட்டேன், அம்மா. இந்தத் தாளோடு விடியும்போதே துரையின் வாசலில் நிற்பேன். ஒரு வீடு திருத்தினால் மனைவி மாற்றிச் சொல்கிறாள் என்பார். நூறு வீடு திருத்தினால் என்ன சொல்வார்?

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம். பேச்சு முடிந்தது, கணக்கு முடியவில்லை. தலைவர் ஆர்தர் அவர்களே, தங்கள் வீட்டு எண் எனக்குத் தெரியும். எத்தனை பேர் என்று மட்டும் சொல்லுங்கள்.