தொலைந்ததாகக் குறித்த லேப்டாப்

மாலை ஆறே முக்கால். ஐப்பசி மழை. ஜவளகிரியிலிருந்து தளிக்கு வருகிற ரோடு... பகலிலேயே அதில் ஆள் நடமாட்டம் குறைவு. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கேழ்வரகுக் கொல்லை. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் ஒரே ஒரு பைக். ஓட்டி வந்தவன் பெயர் மாதவன். முதுகில் ஒரு பை, பைக்குள் கம்பெனி லேப்டாப்.

ஜவளகிரியை விட்டு அவன் கிளம்பியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தளிக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை.

கிட்ட வந்து உட்காருங்கள். அந்த ஜன்னலைச் சாத்து... வேண்டாம், அப்படியே இருக்கட்டும். இது நான் கட்டிவிடுகிற கதை இல்லை. இதோ உட்கார்ந்திருக்கிறானே கோபி, இவனுடைய பெரியப்பா மகன் தங்கதுரைக்கு நடந்தது. தப்பாகச் சொன்னால் இவனே திருத்துவான்.

தங்கதுரைக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. கம்பெனி பெயர் வேண்டாம். அங்கே இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் அவன் பொறுப்பு. மாதவன் அவனுக்கு அடுத்த நாற்காலி. ஊத்தங்கரைப் பையன், அப்பா இல்லை, அம்மா சரோஜம்மாளோடு பாகலூர் ரோட்டுப் பக்கம் வாடகை வீடு. வீட்டு வைஃபைக்கு அவன் வைத்த பெயர் 'அம்மா'. தங்கதுரை அங்கே சாப்பிடப் போயிருக்கிறான். வீட்டுக்குள் நுழைந்தால் மாதவன் கைகால் கழுவமாட்டான், சட்டை மாற்றமாட்டான். முதல் வேலையாக லேப்டாப்பைச் சார்ஜில் போடுவான்.

"மொதல்ல அதுக்குச் சோறு, அப்புறந்தான் இவனுக்கு. என்னாத்த சொல்ல?" என்று அந்த அம்மா கரண்டியோடு நின்று திட்டுவார்.

முதலாளிக்கு ஜவளகிரியில் ரோஜாப் பண்ணை இருந்தது. பூ வைக்கிற குளிர் அறைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று அன்றைக்கு மாதவனை அனுப்பினார்கள். சரிசெய்துவிட்டுக் கிளம்பினான். அவ்வளவுதான்... ஆள் இல்லை, பைக் இல்லை, போன் அணைந்துவிட்டது. யானை அடித்திருக்கும் என்றார்கள். காட்டில் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு, பெங்களூருக்கு எவளோடோ ஓடிவிட்டான் என்றார்கள். ஊர் வாயை மூட முடியுமா?

சரோஜம்மாள் மட்டும் நம்பவில்லை. தினமும் மகனுக்கும் சேர்த்து உலை வைத்தார். வைஃபையை நிறுத்தச் சொன்னார்கள். "வந்தா மொதல்ல அதத்தான் கேப்பான்," என்று சொல்லிவிட்டார். போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுப்பார். எடுத்ததும் "கண்ணு?" என்பார். தவறுதலாக அந்த எண்ணுக்குக் கூப்பிட்டவர்கள்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வைப்பார்கள்.

கார்த்திகையில் ஆடிட் வந்தது. ஆளும் இல்லை, லேப்டாப்பும் இல்லை, கணக்கில் மட்டும் எதற்கு என்றார் மேனேஜர்.

அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கண்காணிக்க ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்று இருந்தது. தங்கதுரையும் மாதவனும் சேர்ந்து போட்டது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தினமும் ஒரு தடவை சர்வரைக் கூப்பிட்டு 'இருக்கிறேன்' என்று சொல்லும். சர்வர் 'சரி' என்று பதில் சொல்லும். மாதவனின் லேப்டாப்புக்கு நேராக 'தொலைந்தது' என்ற கட்டத்தில் தங்கதுரை ஒரு டிக் போட்டான். பட்டியலிலிருந்து அது மறைந்துவிட்டது.

மாசியில் ஒரு நாள் சர்வரில் இடம் குறைகிறது என்று எச்சரிக்கை வந்தது. எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்கப் போனான். பட்டியலில் வராத ஒரு மூலையில், சிவப்பு சிவப்பாக வரிகள். மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது. எல்லாம் ஒரே கருவி. தினமும் ஒரே நேரம், ஆறே முக்கால். அந்தக் கருவியின் எண்ணை அவன் தேடிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மாதவனின் லேப்டாப்பில் அந்த எண் போட்ட ஸ்டிக்கரை ஒட்டியதே அவன்தான்.

சர்வர் அறையில் ஏசிக் குளிரும் சூடான வயர் வாசமும்தான் எப்போதும் இருக்கும். அன்றைக்கு வேறொரு வாசம்... தேங்கிய தண்ணீரில் பாசி பிடித்த வாசம்.

எங்கிருந்து கூப்பிடுகிறது என்று திரையில் இல்லை. எண்ணும் நேரமும் மட்டும். சரி, தேடலாம் என்று உட்கார்ந்தான். முதலில் பயனர் கையேடு. எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று படம் போட்டுச் சொல்லும். பட்டனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சொல்லாது. மேலும் அறிய டெவலப்பர்களுக்கான ஆவணத்தைப் பார்க்கவும் என்று ஒரு லிங்க். அமுக்கினால் 'பக்கம் இல்லை'. இணையத்தில் யாரோ எப்போதோ இதே கேள்வியைக் கேட்டிருந்தார். பதில் சொன்ன புண்ணியவானும் அதே செத்த லிங்க்கைத்தான் கொடுத்திருந்தார். இலவச மென்பொருள் ஆயிற்றே, யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அப்போதுதான் மாதவன் என்றோ சொன்னது ஞாபகம் வந்தது.

"அண்ணா, முன்வாசல்லயே நின்னுட்டிருந்தா எப்டி? சாஃப்ட்வேரோட சோர்ஸ் கோடு எங்க வச்சிருக்காங்களோ அங்கயே 'டாக்ஸ்'னு, ஆவணத்துக்குன்னே ஒரு ஃபோல்டர் இருக்கும் பாருங்க. எழுதுனவங்க தங்களுக்குன்னு எழுதி வச்சது. எல்லாம் அதுலதான் இருக்கும்."

போய்ப் பார்த்தான். இருந்தது. படம் இல்லை, அலங்காரம் இல்லை, வெறும் எழுத்து. தொலைந்ததாகக் குறித்த கருவி கூப்பிட்டால் சர்வர் பதில் தராது. ஆனால் அது சொன்னதை அழிக்காமல் தனியாகப் போட்டு வைக்கும். எந்த வைஃபை, பேட்டரி எவ்வளவு, எல்லாம் அதற்குள் இருக்கும். எடுத்துப் படிக்கிற வழியும் இருந்தது. கடைசியில் இன்னொன்று: பதிலோடு ஒரு வரி அனுப்பலாம், அது அந்தக் கருவியின் திரையில் தெரியும்.

முதல் அழைப்பைத் திறந்தான். 'தொலைந்தது' என்று டிக் போட்டானே... அதே நாள் மாலை. வைஃபை: எதுவும் இல்லை. பேட்டரி: தீரும் நிலை. மறுநாளும் அதேதான். வைஃபையே இல்லாத லேப்டாப் எப்படிக் கூப்பிடும்? ஆவணத்தில் அதற்குப் பதில் இல்லை. தையிலிருந்து மட்டும் ஒரு பெயர் வந்தது. 'கங்கப்பன் தோட்டம்'.

'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று ஒருத்தன் தினமும் கதவைத் தட்டியிருக்கிறான். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டது தங்கதுரை. அன்றைக்கு அவன் சர்வர் அறைத் தரையில் உட்கார்ந்து அழுதான்.

சரோஜம்மாளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மிசினு பேசுதுன்னா எம்மவன் பக்கத்துலதான இருப்பான்?" என்றார். "நானும் வரேன் தம்பி." தடுத்தும் கேட்கவில்லை. காலையில் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். மடியில் ஒரு தூக்குப்பாத்திரம், புளிசோறு.

விசாரித்துப் போனார்கள். கங்கப்பன், தளி தாண்டி அந்த ஜவளகிரி ரோட்டோரத்தில் தக்காளி போட்டிருக்கிற விவசாயி. வீட்டில் கன்னடம், வந்தவர்களிடம் தமிழ்.

"வைஃபையா? தக்காளி திருட்டுப் போவுதுன்னு என் பையன் கேமரா போட்டான் சார். இந்தப் பொங்கலுக்குத்தான் போட்டது."

"வேற யாருக்காவது பாஸ்வேர்ட் தெரியுமாங்க?"

"எனக்கே தெரியாது சார். பையனுக்கு மட்டுந்தான் தெரியும்."

பொங்கலுக்குப் போட்டது. மாதவன் போனது ஐப்பசியில்.

கேமரா கம்பத்துக்குப் பின்னால், ரோடு வளைகிற இடத்தில், புதர் மண்டிக் கிடந்தது. அங்கே என்ன என்று தங்கதுரை கேட்டான்.

"பாழுங்கெணறு சார். சுவரு கெடையாது, முள்ளு வெட்டிப் போட்டு மூடியிருந்தோம். மழையில அதுவும் உள்ள போயிருச்சு."

அந்த அம்மாதான் முதலில் நடந்தார். விளிம்பில் நின்று, வீட்டுக்குள் கூப்பிடுகிற குரலில், "மாதவா..." என்றார். கிணறு அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது. அதே பாசி வாசம்.

தீயணைப்பு வண்டி வந்தது. பைக் வந்தது. பிறகு அவனும் வந்தான்... அதைச் சொல்ல வேண்டாம். பை கடைசியாக வந்தது. ஜிப்பைத் திறந்ததும் கறுப்பாகத் தண்ணீர் கொட்டியது. லேப்டாப்பின் சாவிகளுக்கு நடுவே சின்னச் சின்ன நத்தைகள். போலீஸ் அதை மூட்டை கட்டிச் சீல் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. தூக்குப்பாத்திரம் திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பியது.

எரித்தார்கள், பால் தெளித்தார்கள், காரியம் முடிந்தது. கதையும் முடிந்தது என்று நினைப்பீர்கள். தங்கதுரையும் அப்படித்தான் நினைத்தான். காரியம் முடிந்த அன்று மாலை ஆறே முக்காலுக்குச் சிவப்பாக ஒரு வரி வந்தது. வைஃபை: கங்கப்பன் தோட்டம். பேட்டரி: தீரும் நிலை.

யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, மகனுடைய அடையாள அட்டையைக் கொடுக்க சரோஜம்மாள் கம்பெனிக்கு வந்தார். தங்கதுரையின் முகத்தை ஒரு தடவைதான் பார்த்தார்.

"இன்னும் கூப்புடுறானா தம்பி?"

தலையாட்டினான்.

"இருட்டுல, ஈரத்துல அங்கயே நிக்கறான். யாராச்சும் ஒருத்தர் பதில் சொன்னாத்தான வருவான்? நீ சொல்ல முடியாதா?"

செத்துப்போனவனை வீட்டுக்குக் கூப்பிடக்கூடாது என்பார்கள். தங்கதுரைக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் சாயங்காலம் வரை இரண்டு பேரும் சர்வர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் 'தொலைந்தது' கட்டத்திலிருந்த டிக்கை எடுத்தான். பதிலோடு போகிற வரியை அந்த அம்மா சொல்லச் சொல்ல அடித்தான்.

"சோறு போட்டு வச்சிருக்கேன் கண்ணு. வூட்டுக்கு வந்துரு."

ஆறே முக்கால். அழைப்பு வந்தது. முதல் தடவையாகப் பச்சை. 'சரி' என்று சர்வர் சொன்னது. அந்த அம்மா அந்தப் பச்சை வரியை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, உலை வைக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

மறுநாளும் தங்கதுரை வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் சர்வர் அறையில் உட்கார்ந்திருந்தான். அறையில் பாசி வாசம் இல்லை. வராது, இனி வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறே முக்கால்.

வந்தது.

வைஃபை: அம்மா.

சரோஜம்மாளுக்குப் போன் போட்டான். மகன் போன நாளிலிருந்து முதல் மணியிலேயே எடுத்தவர் அவர். காத்திருப்பவர்கள்தான் அப்படி எடுப்பார்கள். அன்றைக்கு மணி அடித்தது... அடித்தது... அடித்து அடித்து ஓய்ந்தது.

போனை வைத்துவிட்டு, அந்த அழைப்பின் அடுத்த வரியைப் படித்தான்.

பேட்டரி: சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.