வெளியே நின்று குடித்த தேநீர்

கனடாவில், மொன்ட்ரியால்-நோர் போகும் பஸ்ஸில், ஒரே அறையில் குடியிருக்கும் இரண்டு யாழ்ப்பாணப் பெடியன்கள் என் முன்சீட்டில் இருந்தார்கள். முதல்நாள் ரிவியில் பார்த்த அமெரிக்கப் படத்தைப் பற்றிக் கதைத்தார்கள்.

"கறுப்பு ஆளெண்டு கடைக்குள்ளை விடேல்லை. என்ன மனுசரடா!" என்றான் மீசைக்காரன்.

"அந்த அமெரிக்கா எங்கடை ஊரிலையும் இருந்தது," என்றான் தொப்பி போட்டவன். "உங்கடை அப்பாவின்ரை தேத்தண்ணிக் கடையிலை நான் வெளியிலை நிண்டுதான் குடிச்சனான். சாதி தெரிஞ்சா என்ரை சமையலைச் சாப்பிடமாட்டாயெண்டு உனக்கு மறைச்சிட்டன்."

மீசைக்காரன் தலையைக் குனிந்தான்.

"நீ அறைக்கு வந்த அண்டே எனக்குத் தெரியும். அந்தக் கடைக்காரன்ரை மகனெண்டு தெரிஞ்சா நீ அறையை விட்டுப் போயிடுவாயெண்டு நானும் வாய் திறக்கேல்லை."

"விசரா! இவ்வளவு நாளும் பயந்து பயந்தெல்லோ கறி வைச்சனான்."

"நானும் பயந்துதான் சாப்பிட்டனான்."

தொப்பிக்காரன் பெரிதாகச் சிரித்தான்.

"அப்ப இண்டைக்கு நீ சமையடா."