திரை இல்லாத பிளேயர்

காசு கொடுத்து வாங்கிய பாட்டு தன்னுடையது என்று நம்புகிறவர்கள்தான் என் கடைக்கு அதிகம் வருகிறார்கள், டாக்டரம்மா. போனில் பாடும், காரில் ஏற்றினால் ஊமையாகிவிடும். பாட்டை விற்றவன் பூட்டையும் சேர்த்தே விற்றிருக்கிறான் என்று அப்போதுதான் புரியும். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். எந்தக் கருவியிலும் பாடுகிற மாதிரி நான் மாற்றிக் கொடுப்பேன். சார்ஜர், ஹெட்செட் வியாபாரத்துக்கு நடுவே இது ஒரு கை வேலை.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. என் மகளின் பிளேயரில் இருக்கும், நீங்கள் கொடுத்த நடைப்பயிற்சிப் பாட்டு, உங்கள் போனில் இருக்கும் அதே பாட்டைவிட ஏன் மெதுவாக ஓடுகிறது? பதில் சொல்வதானால், வேகமாக ஓடிய பாட்டிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஸ்டூலில் உட்காருங்கள். ஒரு கால் ஆடும், பயப்படாதீர்கள், விழாது.

சின்னவளை அந்த நடனக் குழு தேர்ந்தெடுத்த கதை உங்களுக்குத் தெரியும். நாடு நாடாகச் சுற்றும் குழு. கிளம்புவதற்கு முன்பே மேடையில் வழுக்கி முழங்கால் போயிற்று, ஆபரேஷன் ஆயிற்று, காலைத் தேற்றும் பயிற்சிக்கு உங்களிடம் வந்தாள். கால் தேறினால் இடம் உண்டு, தாங்களே வந்து ஆடச் சொல்லிப் பார்ப்போம் என்று குழுவில் சொன்னார்கள். நீங்கள்தான் அவள் ஆட வேண்டிய பாட்டைக் கேட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "இந்தப் பாட்டோட வேகம்தாம்மா உனக்கு எல்லை. இதைத் தாண்டுனா தையல் தாங்காது." பக்கத்து நாற்காலியில் நானும் இருந்தேன். நன்றாகக் காதில் விழுந்தது.

பெரியவன் ஒரு வருஷம் என்று சொல்லித்தான் வெளிநாடு போனான். இப்போது அங்கே வீடு வாங்கிவிட்டான். அவன் அம்மா இறந்தபோது போனில் முகம் காட்டி அழுதான். சிக்னல் சரியில்லை, அழுகை விட்டுவிட்டு வந்தது. நடுவில் நின்றபோது, முடித்துவிட்டான் என்று நினைத்து நான் போனை வைத்துவிட்டேன். அவனைக் குறை சொல்லவில்லை. எனக்கு மிச்சம் ஒருத்திதான் என்ற கணக்கை மட்டும் சொல்கிறேன்.

ஆட வேண்டிய அந்தப் பாட்டைச் சின்னவள் தன் காசில் போனில் வாங்கியிருந்தாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு எப்படிச் சுழல்வது? "அப்பா, ஊருக்கெல்லாம் மாத்தித் தர்றீங்க, எனக்கு மாத்தித் தர மாட்டீங்களா?" என்றாள்.

"ஊர் எனக்குக் கூலி தருது. நீ என்ன தருவ?"

"டூர் போற இடத்துலேர்ந்து தினம் ஒரு போட்டோ அனுப்புறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். கடையில் பிளேயர்கள் பல தினுசு உண்டு. திரை இல்லாத, இடுப்பில் கவ்வுகிற குட்டிப் பிளேயர் ஒன்றை எடுத்தேன். எடை குறைவு என்பதுதான் காரணம். பாட்டு எத்தனை நிமிஷம் என்று அதில் பார்க்க முடியாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பாட்டை மாற்றும் மென்பொருளில் வேகத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். சுதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டலாம். என் அப்பா துணி வியாபாரி, விலையை ஒரேயடியாக ஏற்றவே மாட்டார். "ஆள் மறுபடி வர்றதுக்குள்ள பழைய விலை மறந்திருக்கணும்டா" என்பார். அவர் சொன்ன மாதிரியே ஏற்றினேன். மாடியிலிருந்து சார்ஜ் போடக் கீழே கடைக்குக் கொண்டுவருவாள். ஒரு துளி கூட்டி மேலே அனுப்புவேன். அவள் போனில் இருந்த அசல்? ஒரு கணக்குக்கு ஒரு கருவி என்பது பாட்டுக் கம்பெனியின் சட்டம். என் கடைக் கணினியில் திறந்ததும் அவள் போனில் பூட்டிக்கொண்டது. அதை நான் செய்யவில்லை, சட்டம் செய்தது.

"பாட்டு வேகமா ஓடுற மாதிரி இருக்குப்பா."

"பாட்டு எப்படிடா ஓடும்? அதுக்குக் காலா இருக்கு?"

"அப்போ என் காலுக்குத்தான் வயசாயிடுச்சு."

"விட்ரு கண்ணு. நாலு பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடு, கடையைப் பாத்துக்க. உலகத்தைச் சுத்தினாத்தான் சோறு இறங்குமா?"

அவள் விடவில்லை. அங்கேதான் என் கணக்கு தப்பியது. வாங்குகிறவன் விலை கட்டுப்படியாகாவிட்டால் எழுந்து போய்விடுவான். இவள் எழுந்து போகிற ரகம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட விலையைக் கொடுத்தாள். சாப்பிடும்போது மேஜைக்கடியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருப்பாள். வலிக்கிறதா என்று கேட்டால், பழகிவிட்டது என்பாள். உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். தைலம் தேய்த்துவிடுவேன். அந்த நேரத்தில் கண்ணை மூடி என் தோளில் சாய்ந்துகொள்வாள். குழந்தையில் சாய்ந்தது, அதற்குப் பிறகு அப்போதுதான்.

குழு ஆட்கள் வரப்போகிறோம் என்று தகவல் சொன்ன வாரம் மட்டும் துளியாக ஏற்றவில்லை. கொஞ்சம் தாராளமாகவே ஏற்றினேன்.

கடைக்கு மேல்தான் அவள் ஆடும் அறை. ஒருவர் ஹெட்செட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் அவள் பாதங்கள் பாட்டை எட்டிப் பிடிக்கப் பார்ப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. பிடித்தாள், டாக்டரம்மா. ஒரு சுற்று முழுக்கப் பிடித்தாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு ஒரே ஒரு கனத்த சத்தம். நான் ஹெட்செட்டை உறையில் போட்டு, சில்லறை எண்ணிக் கொடுத்து, அவரை அனுப்பிவிட்டுத்தான் மாடி ஏறினேன். ஓடியிருந்தால், அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி இருந்திருக்கும்.

தரையில் கிடந்தாள். பிளேயர் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. முதலில் அதை அணைத்தேன். "சாரிப்பா" என்றாள். "நான்தான் அவசரப்பட்டுட்டேன். நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க."

இனி ஆட்டம் கிடையாது என்று நீங்கள் சொன்ன அன்று அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் அப்படித்தான் இருக்கிறாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. அவள் என் வீட்டில் இருக்கிறாள். ஆனால் அன்று மேலே கேட்ட காலடியில் இருந்தவள் எங்கே என்று தெரியவில்லை. பெரியவனிடமாவது போனில் பேசலாம்.

அதனால்தான் உங்கள் நடைப்பயிற்சிப் பாட்டை மெதுவாக்கினேன். அசல் வேகத்துக்கு அவளால் நடக்க முடியவில்லை. மெதுவாக்கியதும் தாளத்தோடு சேர்ந்து கதவுவரை போய் வந்தாள். "பாத்தீங்களாப்பா, தேறிட்டேன்" என்றாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எந்த அப்பனாக இருந்தாலும் இதைத்தான் செய்வான்.

மேலேதான் இருக்கிறாள். சொல்வதானால் போய்ச் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள். வேகம் அவளுக்கு ஆகாது.