நான் அழித்த முகக்கவசம்

பெயரும் கதவிலக்கமும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது முப்பத்தாறு. தொழில், கணினியில் படம் வடிவமைத்தல். புகார் கொடுத்தவர் என் உடன்பிறந்த அக்கா. அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன்.

தொற்றுக் காலத்தில் கட்சித் தலைவரின் சமூக ஊடகப் பக்கத்துக்குப் படங்கள் செய்து கொடுத்து வந்தேன். ஒரு நாள் காலையில் அவருடைய செயலாளர் குரல் செய்தி அனுப்பினார். "சனங்க பயந்து போயிருக்காங்க. தலைவர் தோள்ல ஆட்டுக்குட்டி இருக்கணும், பின்னால இயேசு அவரைத் தொட்டுகிட்டு நிக்கணும். பார்த்தா தெம்பு வரணும்" என்று அதில் சொல்லியிருந்தார். காய்ச்சல் வார்டு வாசலில் தலைவர் நிற்கும் புகைப்படத்தையும் அனுப்பினார். அதில் தலைவர் முகக்கவசம் அணிந்திருந்தார்.

அதன்பின் ஆட்டுக்குட்டி, மேய்ப்பன் கோல், ஒளிவட்டம் எல்லாவற்றையும் சேர்த்தேன். மூக்கு வரை மூடிக்கொண்டு தோளில் ஆட்டுடன் நின்றதில் தலைவர் ஆட்டுத் திருடனைப் போல இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே கவசத்தை அழித்துவிட்டு, பழைய தேர்தல் சுவரொட்டியிலிருந்து சிரித்த வாயை எடுத்துப் பொருத்தினேன். ஒட்டுத் தெரியாமல் மீசையைச் சரிசெய்ய மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. செயலாளர் பார்த்துவிட்டு, "முகம் நல்லா வந்திருக்கு" என்றார். கவசத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று மாலைக்குள் படம் எல்லோர் கைபேசிக்கும் போய்விட்டது. அக்காவின் கணவர், என் அத்தான், பேருந்து ஓட்டுநர். குளிக்கும்போதாவது கவசத்தைக் கழற்றுவாரா என்று நாங்கள் கேலி செய்யும் அளவுக்குக் கட்டுப்பாடானவர். அவர் அந்தப் படத்தை அச்செடுத்துப் பேருந்தில் தன் இருக்கைக்கு மேல் ஒட்டினார். அதன்பின் சாப்பாட்டு மேசையில் என் முன்னாலேயே, "வார்டு வாசல்லயே தலைவர் முகத்தத் திறந்துகிட்டு நிக்கிறாரு, ஆண்டவர் கை இருக்குல்ல! எனக்கு மட்டும் எதுக்கு வாய்ப்பூட்டு?" என்று சொல்லிக் கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அக்கா, "என் தம்பி செஞ்ச படமாக்கும்" என்று எனக்கு இன்னொரு கரண்டி பரிமாறினார். அந்தப் பெருமையை விட மனமில்லாமல் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். அப்போதே சொல்லியிருந்தால் அத்தான் கேட்டிருப்பார். என் பேச்சைத் தட்டாதவர்.

பன்னிரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. அதன்பின் மூச்சுத் திணறி, ஒன்பது நாள் சிகிச்சையில் இருந்து இறந்தார். உடலைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துக் காட்டினார்கள். முகத்தில் புதுக் கவசம் கட்டியிருந்தார்கள். ஆணியில் மாட்டியது இன்றும் அங்கேயே இருக்கிறது. அதைத் தாண்டித்தான் மாடிக்கு ஏறுகிறேன்.

தலைவர் அலுவலகம் ஏமாற்றிவிட்டது என்று அக்கா புகார் கொடுத்தார். இன்று என்னை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்துவந்து, "அவங்க சொல்லித்தானே செஞ்சே, அத அப்படியே சொல்லிடு. பயப்படாத, நான் வெளியில இருக்கேன்" என்றார். படம் செய்யச் சொன்னவர்கள் அவர்கள்தான். கவசத்தை அழிக்கச் சொன்னவர் யாருமில்லை. இப்போது சொல்வது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று தெரியும். மூலப் புகைப்படத்தையும் குரல் செய்தியையும் ஒப்படைக்கிறேன். இதை அக்காவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆகையால் அதிகாரியே வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். புகாரில் என் பெயரையும் சேர்க்க அக்கா விரும்பினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)

அதிகாரி குறிப்பு: வெளியே பெஞ்சில் இருந்த புகார்தாரருக்கு மேற்படி வாக்குமூலம் வாசித்துக் காட்டப்பட்டது. சாப்பாட்டு மேசை பற்றிய பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னார். அதன்பின் அவர் கேட்டுக்கொண்டபடி, வாக்குமூலம் அளித்த தம்பியின் பெயரும் புகாரில் சேர்க்கப்பட்டது.