அடுப்பில்லாமல் வெந்த மீன்

எலுமிச்சம்பழம் வாங்கும்போது தோல் மெல்லிசாகப் பார்த்து வாங்க வேண்டும், தம்பி. தடித்த தோலென்றால் கை நோகப் பிழிந்தாலும் நாலு சொட்டுதான். சுகாதார அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், மீனைப் பற்றிக் கேட்கிறீர்கள். பழத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும். நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள் கண்ணு.

வெள்ளைச் சதை மீனைப் பொடியாக நறுக்கி, உப்புப் பிசறி, முங்க முங்கச் சாறு ஊற்ற வேண்டும். கண்ணாடி மாதிரி இருந்த துண்டு கால் மணியில் பால் நிறமாகிவிடும். பச்சை மிளகாய், வெங்காயம் தூவினால் முடிந்தது. இந்த வயதிலும் அதைப் பார்த்தால் எனக்குக் குஷி தாங்காது. நெருப்பே இல்லாமல் காரியம் முடிகிறதே.

போன வியாழக்கிழமை என் சின்னவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டட வரைபடம் போடுகிற வேலை, வெளிதேசத்தில், மூன்று வருடத்துக்கு. மறுநாள் மத்தியானம் விமானம். அக்காவும் தங்கையும் சமையலறையில் ஒரே கும்மாளம்.

"அடுப்பே பத்த வைக்காம சமைக்கிற சோம்பேறி உலகத்துலயே நீ ஒருத்திதாம்மா."

"தின்னுட்டுப் பேசுடி, வாயாடி."

"அங்க போயி இதுக்கு நான் எங்கம்மா போவேன்?"

"போனாத்தானே?" என்றேன்.

இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

கிண்ணம் இரண்டு. எங்களுடையது குளிர்பெட்டியில் இருந்த மீன். சின்னவளுடையது காலையிலிருந்து ஜன்னலோரம் வெயிலில் இருந்தது. எலுமிச்சைக்குப் பாரபட்சம் கிடையாது தம்பி, நல்லதையும் கெட்டதையும் ஒரே மாதிரி வெளுக்கும். வாடைக்கு இஞ்சி கொஞ்சம் கூடுதலாகத் தட்டிப் போட்டேன்.

தெரிந்தா செய்தீர்கள் என்று கேட்கிறீர்கள். தெரியாமல் செய்ய நான் என்ன புதுப் பெண்ணா? பெரியவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது இரண்டு நாள் வாந்தி. சேர வேண்டிய தேதி தாண்டிப்போயிற்று. மகன் தனிக்குடித்தனம் போகிறேன் என்று வீடு பார்த்தான். அவனுக்கு நாலு நாள். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்லித் தண்ணீர் புகட்டினேன். "நீ இல்லன்னா செத்திருப்பேம்மா" என்று மடியில் படுத்து அழுதான். பார்த்த வீட்டைப் பற்றி அதன்பின் வாயே திறக்கவில்லை. அந்த நாட்களில் இந்த வீடு எவ்வளவு ஒட்டுதலாக இருந்தது தெரியுமா?

முதன்முதலில் செய்தது இவர்களுடைய அப்பாவுக்கு. கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டார். அன்றைக்கு எனக்குப் பக்குவம் பிடிபடவில்லை, வெயிலும் கடுமை. ஒன்பது நாள் படுத்தார். அண்ணன் வீட்டுக்கு மட்டும் போகவே இல்லை.

சின்னவள் மூன்றாம் நாள் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். இன்றைக்கு ஆறாம் நாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே வைத்திருக்கிறார்கள், என்னை விடமாட்டேன் என்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பார்லித் தண்ணீர் ஆறுகிறது. நான் புகட்டினால் குடிப்பாள்.

எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் செய்தேன். ஆனால் பிள்ளைகளைப் பிடித்து வைக்கிற தாய் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். போகாதே என்று ஒருவரையும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரவர் இஷ்டப்படிதான் எல்லோரும் இங்கேயே இருக்கிறார்கள். அவர்கூட, இதோ, மாலை போட்டுக்கொண்டு, இந்தச் சுவரில்தான்.