முன்னாடி எழுத வேண்டிய வரி

அலோ… அலோ, ரஞ்சித் தம்பியா?… காசிமேட்லருந்து புஷ்பவல்லி பேசுறேம்பா. ஞாயித்துக்கெழம கேம்ப்புல, பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ்னு வேற சிஸ்டம் போட்டுக்கோங்கன்னு ஒரு பேப்பர் குட்த்தியே, அடியில உன் நம்பர் கீதே… ஆமா, ஆமா, அதுதான். தம்பி, போச்சுப்பா! அல்லாம் போச்சு!…

அழல, அழல. சொல்றேன் இரு… நான் பேப்பர படிச்சிகினு இருந்தேன், எங்க வூட்டுக்காரரு லேப்டாப்பாண்ட குந்திகினு இருந்தாரு. ‘வட்டு முழுவதையும் அழித்து நிறுவு என்பதைத் தேர்ந்தெடுத்து, தொடர்க பொத்தானை அழுத்தவும்’னு படிச்சேன். அமுக்கிட்டாரு. அடுத்த வரிய பாத்தா, ‘இதற்கு முன்பாக உங்கள் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளவும்’னு கீது!…

இன்னாது, முழுசா படிச்சிட்டுதான் செய்யணுமா? அவரு போட்டு டிரைவருப்பா! கடல்ல ‘வலைய வுடு’ன்னு ஒருத்தன் சொன்னா அடுத்தவன் அப்பவே வுட்ருவான். மிச்சத்த கேட்டுகினா நிப்பான்?… வுட்டப்பறம், ‘கயித்துல கால் மாட்டிகினு கீதா பாரு’ன்னு சொல்லுவியா நீ?…

சரி… சரி, கத்தல… உள்ள இன்னா இருந்துச்சா? பாயிண்டுப்பா! எங்க மாமனாரு காலத்துலருந்து சேத்தது. கடல்ல எங்க மீனு வுழும், எங்க முழுவுன கப்பல் கெடந்து வலைய இழுக்கும், அல்லாம் அதுலதான் கீது. போட்ல இருந்த ஜிபிஎஸ் தண்ணி பூந்து செத்துடுச்சி. புது மிஷினுக்கு லேப்டாப்புலருந்துதான் ஏத்தணும். மீன்புடி தடைக்காலம் முடிஞ்சி நாளைக்கு போட்டு எறங்குது… யாராண்ட கேப்பேன்? கூடப் பொறந்தவனே பாயிண்ட சொல்ல மாட்டான்!…

ஸ்கிரீன்லயா? ஒரு கோடு ஓடிகினு கீது… பாதிகூட வரல… நிறுத்தணுமா? இப்பவேவா? யோவ்! ஆஃப் பண்ணுய்யா! பட்டன அமுக்கி புட்ச்சிகினே இரு!… அமுக்கிகினு கீறாரு தம்பி… கருப்பாயிடுச்சி. ஆஃப் ஆயிடுச்சிப்பா.

இனிமே ஆன் பண்ணக்கூடாது… சரி, சரி… உன்னாண்ட எடுத்தாரணும். தண்டையார்பேட்டதானே, ஆட்டோ புட்ச்சி வந்துடறேன். திரும்ப வந்துடும்ல?… ‘பாக்கலாம்’னா இன்னா அர்த்தம்? வந்துடும்னு ஒரு வார்த்த சொல்லேன்பா!… மெய்யாலுமே தெரியாதா… ஐயோ, ஆத்தா.

அவரா? செவுத்த பாத்துகினு கீறாரு. எனக்கு பயமா கீது தம்பி…

நீ மன்னிப்பு கேட்டு நான் இன்னா பண்றது? அந்த வரிய தூக்கி மேல போடு. ‘இத அமுக்குனா உள்ள இருக்கறது அல்லாம் பூடும், திரும்ப வராது’ன்னு நம்ம பேசறா மாறியே எழுது… மத்தவங்களாண்டயும் அதே பேப்பர்தானே கீது?… இன்னொரு போன்லருந்து கூப்ட்டுகினுதான் கீறியா?… யாரு எடுக்கல?… எங்க பக்கத்து தெரு குமாரவேலா?

நானா? அவன் வூட்டுக்கா?… போன வருசம் நடுக்கடல்ல எங்க வலைய அறுத்துவுட்டவன்பா அவன்! போலீஸ் ஸ்டேஷன் வரிக்கும் போச்சி. எங்களுது போச்சுன்னு தெரிஞ்சா பட்டாசு வெடிப்பான். அவன் பாயிண்டும் லேப்டாப்புலதான் கீது, அதுவும் போவட்டும்!…

இல்லப்பா… கேக்குது, கேக்குது… நாளைக்கு அவன் போட்லயும் புள்ளகுட்டிக்காரனுங்கதான் போவாங்க. முழுவுன கப்பல்ல வல மாட்டிச்சின்னா போட்டே கவுந்துடும்…

வெக்காத. லைன்லயே இரு. ஓடிகினு கீறேன்… ஜன்னல்ல தெரியுது தம்பி, லேப்டாப்பாண்டதான் குந்திகினு கீறான். பொண்டாட்டி அம்மு பேப்பரும் கையுமா… ஏய் அம்மு! படிக்காத! டேய் குமாரவேலு, அமுக்காதடா! கைய எடு!… சண்டைக்கு வரலடா, கதவ தொற!…

தம்பி… அமுக்கல. அமுக்கலப்பா…

ஆமாடா, எங்களுது பூட்ச்சி. இப்பதான், இதே மாறி… அல்லாமேதான்டா. சிரிச்சிக்கோ.

…

தம்பி, கீறியா?… அவன் சிரிக்கலப்பா. வெக்கிறேன்.